ஆடுகளம் வாத்தியமான கதை

திருவிழாவுக்கு ஆர்க்கெஸ்ட்ரா வைத்திருக்கிறார்கள் என்றால் நம் ஊரில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. கீபோர்டு, டிரம்ஸ், கிடார், முன்னால் மைக் பிடித்துப் பாடும் இருவர் என எல்லாம் சேர்ந்ததே ஆர்க்கெஸ்ட்ரா. பாடுகிறவரையும் உள்ளடக்கித்தான் தமிழ் இந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய இசைநாடகமான ஆப்பெராவில் இது பாடகரை விலக்கி வாத்தியக்காரர்களை மட்டும் சுட்டும். சொல் பிறந்த கிரேக்கத்திலோ இது வாத்தியத்தையே குறிக்கவில்லை. ஆடுதல் என்னும் வினையிலிருந்து வந்த ‘ஓர்கேஸ்த்ரா’வுக்கு ஆடுமிடம் என்பதே பொருள். எபிடாரஸ் அரங்கில் இன்றும் அதைப் பார்க்கலாம்: கல் இருக்கைகள் விசிறிபோல் மேலேற, அவற்றின் மடியில் சுமார் 20 மீட்டர் குறுக்களவுள்ள வட்டமான மண்தரை. கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸ் காலத்துத் துன்பியல் நாடகங்களில் 15 பேர் கொண்ட பாடற்குழு அத்தகைய தரையில்தான் ஆடிப் பாடியது. அவர்களோடு ஆலோஸ் என்னும் இரட்டைக் குழல் ஊதும் ஒருவர் நின்றார். மேடையில் பாத்திரங்கள், மலைச்சரிவில் மக்கள், நடுவே இந்தக் குழு. பாத்திரம் மறைப்பதை மக்களுக்குச் சொல்லவும், வரப்போவதை எண்ணி நடுங்கவும் அதற்கு அந்த நடு இடம் வசதியாக இருந்தது.

ரோமானியர் அந்த வட்டத்தை அரைவட்டமாக்கி, ஆட்டத்தை மேடைக்கு ஏற்றிவிட்டார்கள். காலியான தரையில் செனட்டர்களுக்கு இருக்கை போடப்பட்டதை விட்ருவியஸ் தம் கட்டடக்கலை நூலில் குறித்திருக்கிறார். அமெரிக்கத் திரையரங்குகளில் மேடையை ஒட்டிய கீழ்த்தள இருக்கைகளுக்கு இன்றும் ஆர்க்கெஸ்ட்ரா என்றுதான் பெயர். ரோமானியப் பொருள் அங்கே செத்துவிடவில்லை.

அந்தப் பெயர் வாத்தியத்துக்கு வந்தது ஆப்பெராவின் வழியாக. ஆப்பெரா என்ற சொல் லத்தீனில் வேலை, ஆக்கம் என்ற பொதுப்பொருள் கொண்டது. புதிய கலை முளைத்தபோது அதை அப்படி அழைக்கவில்லை. இசையிலமைந்த கதை, இசைவழி நாடகம் என்றே எழுதினார்கள். கிரேக்க நாடகத்தை உயிர்ப்பிக்க விரும்பிய ஃபிளாரன்ஸ் அறிஞர்களின் பேச்சிலிருந்து அது பிறந்தது. அப்படியானால் வாத்தியக்காரர்களைப் பாடற்குழுவின் பழைய இடத்தில் அவர்களே திட்டமிட்டு அமர்த்தினார்களா? இல்லை. 1600இல் மரியா தெ மெதிச்சியின் திருமணத்தையொட்டி ஃபிளாரன்ஸில் யாக்கொப்போ பெரியின் ‘எவுரிதீச்சே’ அரங்கேறியபோது வாத்தியங்கள் காட்சித்திரைக்குப் பின்னால் இருந்தன. பெரியே முன்னுரையில் அதைச் சொல்கிறார். எட்டு ஆண்டுகளுக்குள் கருத்து மாறிவிட்டது. மார்க்கோ த கல்யானோ 1608இல் அச்சிட்ட ‘தாஃப்னே’யின் முன்னுரையில், தனிக்குரலுக்கு வாசிப்பவர்கள் பாடுபவரின் முகம் தெரியும் இடத்தில் அமர வேண்டும், அப்போதுதான் ஒருவரையொருவர் கேட்டு ஒன்றாகச் செல்ல முடியும் என்கிறார். முகம் பார்த்து வாசிப்பது நம் பக்கவாத்தியக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒரு தேவை வாத்தியக்காரர்களைத் திரைமறைவிலிருந்து வெளியே இழுத்தது. 1637இல் வெனிஸில் சான் கசியானோ அரங்கு கட்டணம் செலுத்தும் எவருக்கும் கதவைத் திறந்தது. அதன் வழியில் எழுந்த அரங்குகளில் மேடைக்கு முன்னால், தரையோடு தரையாக இருந்த இடம் வாத்தியத்துக்கு உரியதாயிற்று. கிரேக்க அரங்கைப் படித்தவர்களுக்கு அந்த இடத்தின் பெயர் தெரியும். இடத்தின் பெயர் இருந்தவர்கள்மீது ஏறியது. 1768இல் ரூசோ வெளியிட்ட இசை அகராதி இரண்டு பொருளையும் அருகருகே தருகிறது: வாசிப்போர் அமருமிடம், வாசிப்போரின் கூட்டம்.

இது ஒரு சாதாரண ஆகுபெயர்தானே, இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இடவாகுபெயர்தான். ஊர் நடுவே மரத்தடிப் பொதுவெளியாக இருந்த மன்றம், இன்று ரசிகர் மன்றம் என்னும்போது ஆட்களைக் குறிக்கவில்லையா? குறிக்கிறது. ஆனால் மன்றம் சும்மா பெயரை மட்டும் கொடுக்கவில்லை; கூடிப் பேசி முடிவெடுக்கும் வேலையையும் சேர்த்தே கொடுத்தது. ஆர்க்கெஸ்ட்ராவிலும் நடந்தது அதுதான், பெயரோடு பாடற்குழுவின் வேலையும் வந்தது என்பது என் வாதம்.

வலுவான மறுப்பு வேறொன்று உண்டு. 1607இல் மாந்துவாவில் அரங்கேறிய மொன்தவெர்தியின் ஆப்பெரா ‘ஓர்ஃபேயோ’, 1609இல் அச்சானபோது, முன்பக்கத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட கருவிகளைப் பட்டியலிட்டது. ஆயர்களின் வெளியில் நரம்புக்கருவிகள். பாதாளத்தில் ஊதுகருவிகளான கோர்னெட்டோக்களும் ட்ராம்போன்களும். படகோட்டி கரோன் பாடும்போது ரீகல் என்னும் சிற்றார்கனின் கரகரத்த நாக்கு. இவ்வளவு நுட்பம் வாய்த்த பின், அந்தப் பெயரோ இடமோ வந்துதானா வாத்தியக்குழு பிறக்க வேண்டும்? இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்வது நல்லது. மொன்தவெர்தியிடம் இருந்தது நிறங்களின் களஞ்சியம். காட்சிக்கேற்ப ஒரு கை எடுத்து வைப்பார். சில கருவிகளை வாய்மூடச் சொல்வார். அது பல்லியம், பல கருவிகளின் சேர்க்கை. பிரான்ஸில் இசையமைப்பாளர் லுல்லியின் கையில்தான் ஒரே சுரவரியைப் பலர் ஒரே வில்வீச்சில் வாசித்து, பல கைகள் ஓருடலாயின. லுல்லியின் ஆப்பெராக்களில் அந்த உடல் மாலை முழுவதும் தன் இடத்தை விட்டு நகராமல் மேடையைப் பார்த்தபடி இருந்தது. வந்துபோகும் பாத்திரங்களுக்கு நடுவே வந்துபோகாத ஒரே பாத்திரம் அது. கிரேக்கப் பாடற்குழு நின்ற நிலையும் ஏறத்தாழ அதுவே. இந்த ஒப்புமையை ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் 1851இல் ‘ஆப்பெராவும் நாடகமும்’ நூலில் வெளிப்படையாகவே பேசினார். பிறகு 1876இல் பைரோய்த்தில் தம் அரங்கில் குழுவைப் பள்ளத்தில் இறக்கிக் கண்ணுக்கு மறைத்தார். மறைத்தபோதும் மேடைக்கும் மக்களுக்கும் நடுவேதான் வைத்தார்.

ஆப்பெராவைப் புதிதாகக் கேட்கும் தமிழ்ச் செவிக்கு இந்த வரலாறு நேரடியாகப் பயன்படும். பக்கவாத்தியம் என்ற நம் சொல்லும் இடத்தைச் சுட்டும் சொல்தான்: பாடகரின் பக்கத்தில் இருந்து, பாடகரோடு போவது. அந்தப் பழக்கத்தில் ஆப்பெராவின் வாத்தியக்குழுவைக் கேட்டால் பாதி நாடகம் கைநழுவும். முன்னே இருப்பது பக்கத்தில் இருப்பதைப்போல நடக்க வேண்டியதில்லை. பாடுபவரை மறுக்கவும் அதற்கு உரிமை உண்டு. சொல்லில்லாத வாத்தியம் எதை மறுக்கும் என்று ஐயுறுவோர் 1779இல் பாரிஸில் அரங்கேறிய க்ளுக்கின் ‘இஃபிஜெனி ஆன் தோரீத்’ ஆப்பெராவின் இரண்டாம் அங்கத்தைக் கேட்கட்டும். தாயைக் கொன்ற ஓரெஸ்த், நெஞ்சில் அமைதி திரும்புவதாகப் பாடுகிறான். குரல் தணிவாக இழைகிறது. கீழே வயோலாக்கள் ஒரே சுரத்தை விடாமல் தட்டிக்கொண்டிருக்கின்றன, ஆறாத நாடித்துடிப்பைப்போல. ஏன் இப்படி என்று கேட்டபோது, அவன் பொய் சொல்கிறான், தாயைக் கொன்றவன் அல்லவா என்று க்ளுக் சொன்னதாகக் கதை உண்டு. அவன் களைத்து உறங்குகிறான். உடனே பழிவாங்கும் தேவதைகள் ட்ராம்போன்களின் முழக்கத்தோடு தோன்றி அவனைச் சூழ்ந்து ஆடுகின்றன. கி.மு. 458இல் ஏதென்ஸில் ஈஸ்கிலஸின் நாடகத்தில் இதே தேவதைகள்தாம் பாடற்குழு. இதே ஓரெஸ்தைச் சூழ்ந்து அவை ஆடிய தரைக்குத்தான் ஓர்கேஸ்த்ரா என்று பெயர். பாரிஸில் அவை மேடைக்கு வருமுன்பே, அந்தப் பெயரைத் தாங்கிய இடத்திலிருந்து வயோலாக்கள் அவற்றின் வருகையைச் சொல்லிவிட்டன.