இலண்டனில் இரசம் வைத்தவர்கள்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவே நெமிலிச்சேரி என்றொரு சிறு நிலையம் உண்டு. (குரோம்பேட்டைக்கு அருகிலும் ஒரு நெமிலிச்சேரி இருக்கிறது, நாம் சொல்வது அதுவன்று.) விரைவு வண்டிகள் நிற்காத ஊர். ஆனால் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது இந்தத் தடத்தில்தான். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1871இல் சென்னைப் பாதை ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. அதன் பிறகு பம்பாயில் கப்பலேறி இலண்டனுக்குப் போக விரும்பிய சென்னைவாசி, நம் ஊர் ஏரிகளையும் வயல்களையும் கடந்துதான் போயாக வேண்டும். அப்படிப் போனவர்கள் இலண்டனில் எதைக் கண்டார்கள், எதை உண்டார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கண்டதைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. 'மெட்ராஸ் ஸ்டாண்டர்ட்' இதழாசிரியர் ஜி. பரமேஸ்வரன் பிள்ளை, இலண்டனையும் பாரிசையும் இந்தியக் கண்ணாடி வழியாகப் பார்த்து எழுதிய ஆங்கில நூல் 1897இலேயே சென்னையில் வெளிவந்துவிட்டது. பின்னாளில் தமிழில் பயண நூல்கள் பெருகின. கோபுரம், பாலம், அரண்மனை, அருங்காட்சியகம் என்று வரிசை மாறாமல் வரும். அவற்றுள் பலவற்றை நாம் பொறுமையோடு படித்திருக்கிறோம்; மனத்தில் தங்கியவை சில. தங்கியவற்றில் பெரும்பாலும் சோற்றைப் பற்றிய பக்கங்களே என்று சொன்னால் வாசகர்கள் நகைக்கக்கூடும். 'இதயம் பேசுகிறது' எழுதிய மணியனை, உலக நகரங்களில் எல்லாம் வத்தக்குழம்பு தேடியவர் என்று கேலி செய்வார்கள். கேலி செய்தவர்களும் அந்தப் பக்கங்களை விட்டுவிட்டுப் படிக்கவில்லை.

இலண்டனுக்குத் தமிழன் போவதற்கு முன்பே தமிழ்ச் சொல் ஒன்று அங்குப் போய்விட்டது. மிளகுத் தண்ணீர், ஆங்கிலேயர் நாவில் 'முள்ளிகாட்டானி' ஆயிற்று. சென்னை மாகாணத்து ஆங்கிலேயருக்கு 'முல்' என்ற பட்டப்பெயரே அதனால் வந்தது என்று 1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி பதிவு செய்கிறது. 1878இல் கர்னல் கென்னி-ஹெர்பர்ட் 'வைவர்ன்' என்ற புனைபெயரில் சென்னை ஆங்கிலேயருக்காக ஒரு சமையல் நூலே எழுதினார். ஆனால் கப்பலேறிய மிளகுத் தண்ணீர் வழியில் வேறொன்றாகிவிட்டது. இறைச்சிச் சாறும் கறிப்பொடியும் சேர்ந்து அது ஒரு சூப் ஆயிற்று. பெயரைக் கண்டு மகிழ்ந்து உணவகத்தில் நுழையும் சைவத் தமிழர், தம் மொழிப் பெயர் கொண்ட அந்தப் பண்டத்தையே உண்ண முடியாது. இதைவிடக் கூர்மையான முரண் காலனிய வரலாற்றில் அதிகம் இல்லை என்பது நம் எண்ணம்.

காந்தியடிகள் 1888இல் இலண்டன் சென்றபோது வயிறு நிறைய உண்ண வழியின்றி, நாள்தோறும் நெடுந்தூரம் நடந்து சைவ உணவகம் தேடியதும், ஃபாரிங்டன் தெருவருகே ஒன்றைக் கண்டுபிடித்ததும், அங்கேயே ஹென்றி சால்ட்டின் சைவ நெறி நூலை வாங்கியதும் அவரது தன்வரலாற்றில் உள்ளவை. பசி அவரை ஒரு நூலுக்கும், நூல் ஓர் இயக்கத்துக்கும் கொண்டுசென்றது. நம்மவர் ஒருவருக்குப் பசி வேறுவிதமாக வாய்த்தது.

சீனிவாச இராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று சென்னைத் துறைமுகத்தில் 'நெவாசா' கப்பலில் ஏறினார். குடுமியை எடுத்தாயிற்று; காலில் பூட்ஸ். ஏப்ரல் 14இல் இலண்டன். குரோம்வெல் சாலையில் இந்திய மாணவர்களுக்கான விடுதியில் சில நாள் தங்கிவிட்டுக் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தார். டிரினிட்டி கல்லூரியின் பெருங்கூடத்தில் எல்லாரோடும் அமர்ந்து உண்பது அங்கத்திய வழக்கம். இராமானுஜன் அமரவில்லை. காய்கறி என்று தருவதும் பன்றிக் கொழுப்பில் வதக்கியதாக இருக்கலாம் என்ற ஐயம். தம் அறையில் அடுப்பு வைத்துத் தாமே சமைத்தார். ஊருக்கு எழுதிய மடலொன்றில் கொட்டை நீக்கிய நல்ல புளியும் தேங்காய் எண்ணெயும் மட்டும் அவ்வப்போது அனுப்பினால் போதும் என்று கேட்டிருக்கிறார். ஹார்டிக்கு எழுதிய கடிதங்களைப் பற்றிப் பேசுவோர் இந்தப் புளிக் கடிதத்தையும் படிக்க வேண்டும்.

அந்த அடுப்பங்கரையில் நிகழ்ந்தவை இரண்டு. ஒன்று புகழ்பெற்றது. 1914 டிசம்பரில் பிரசந்த சந்திர மகாலனோபிஸ் 'ஸ்ட்ராண்ட்' இதழில் வந்த ஒரு புதிரைப் படித்துக்காட்டினார். ஒரு நீண்ட தெருவில் வீடுகளுக்கு ஒன்று முதல் வரிசையாக எண். குறிப்பிட்ட வீட்டுக்கு இடப்பக்கத்து எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கத்து எண்களின் கூட்டுத்தொகையும் சமம். மொத்த வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள். வீட்டின் எண் என்ன? மகாலனோபிஸ் சற்று முயன்று 204 என்று கண்டிருந்தார் (தெருவில் 288 வீடுகள்). இராமானுஜன் வாணலியில் காயைக் கிளறியபடியே, இவ்வகைத் தெருக்கள் அனைத்துக்கும் விடை தரும் தொடர்பின்னம் ஒன்றைச் சொல்லி, எழுதிக்கொள்ளச் சொன்னார். கணித வரலாற்றாசிரியர்கள் பின்னத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நாம் வாணலியையும் பார்க்க விரும்புகிறோம். மார்கழிக் குளிரில், ஊரைவிட்டு எட்டு மாதத்துக்கு மேல் ஆன ஒருவர் தம் கையால் காய் வதக்கிக்கொண்டிருக்கிறார்.

மற்றது அவ்வளவாகப் பேசப்படாதது. ஞானேஷ் சந்திர சட்டர்ஜி என்ற நண்பரையும் அவர் மணக்கவிருந்த பெண்ணையும் இராமானுஜன் விருந்துக்கு அழைத்தார். இரசம் பரிமாறினார். இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் முறை வேண்டாமென்றார்கள். சற்று நேரத்தில் விருந்தளித்தவரைக் காணவில்லை. வாடகைக் கார் பிடித்துப் போய்விட்டார். சில நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து, ஐந்து பவுன் அனுப்பும்படி ஒரு தந்தி. தாம் சமைத்ததை அந்தப் பெண்கள் உண்ண மறுத்தது மனத்தை வருத்திவிட்டது என்று பின்னர் விளக்கம் சொன்னார். இதை மேதையின் கிறுக்கு என்று தள்ளுவது எளிது. விருந்தோம்பலை ஓர் அதிகாரமாகவே வைத்த மொழியில் வளர்ந்தவர் அவர். அதில் விருந்தினர் முகம் வாடுவதைப் பற்றியே பேச்சு உண்டு. விருந்தளித்தவர் முகம் வாடியதற்கு இது ஒரு சான்று.

போர்க்காலத்தில் பாலும் பழமும் காய்கறியும் அருகின. 1917 முதல் அவர் மருத்துவமனைகளிலும் நலவிடுதிகளிலும் கழித்தார். 1918 ஜூனில் மேட்லாக் நலவிடுதியில் அவரைப் பார்த்த நண்பர் இராமலிங்கம், நோயாளிக்கு ஏற்ற உணவில்லை என்ற கவலையோடு ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். அக்காலத்தில் காசநோய் என்றே கருதினார்கள், 1994இல் டி.ஏ.பி. யங் என்பவர் பதிவுகளை மீண்டும் ஆராய்ந்து, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்றார். அப்படியானால் நோய் இந்தியாவிலிருந்தே உடன் சென்றது. 'இலண்டன் பட்டினிதான் அவரைக் கொன்றது' என்று மேடைகளில் முழங்குவது பொருந்தாது. ஆனால் பட்டினி இருந்தது என்பது உண்மை. 1920 ஏப்ரல் 26இல் சேத்துப்பட்டில் அவர் மறைந்தபோது வயது 32.

அவர் மறைந்து ஆறாண்டில், 1926இல், இலண்டன் ரீஜண்ட் தெருவில் 'வீராசாமி' என்ற பெயர்ப்பலகை ஏறியது. தொடங்கியவர் எட்வர்ட் பால்மர். ஹைதராபாத் பால்மர் குடும்பத்து வழித்தோன்றல். 1924 வெம்ப்ளி பேரரசுக் கண்காட்சியின் இந்திய உணவகத்தோடு தொடர்புடையவர். நம்மூர்ப் பெயர்தான், ஆனால் அங்கு உண்டவர்கள் பெரும்பாலும் இந்தியாவில் ஆண்டு திரும்பிய துரைகள். 2016இல் அதற்கு மிஷலின் விண்மீன் கிடைத்தது. 2025இல் கட்டட உரிமையாளரோடு குத்தகைத் தகராறு செய்தியாயிற்று. எளியவர்க்கு நெருக்கமானது ஸ்ட்ராண்ட் தெருவின் 'இந்தியா கிளப்'. வி.கே. கிருஷ்ண மேனனின் இந்தியா லீக்கைச் சேர்ந்தவர்கள் 1951இல் தொடங்கியது. குறுகிய மாடிப்படி ஏறினால் மசால் தோசை. 2023 செப்டம்பர் 17 அன்று அதை மூடிவிட்டார்கள்.

1983க்குப் பின் ஈழத்தமிழர் வந்து குடியேற, நிலைமை தலைகீழாயிற்று. ஈஸ்ட் ஹாமில் இறங்கும் தமிழருக்கு இன்று பசி ஒரு வரலாற்றுச் செய்திதான். எனவே நம் மாணவர்கள் மேற்படிப்புக்கென்று கிளம்பும்போது, புளி கட்டிக்கொள்ளச் சொல்வதில்லை. பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறோம். பிரித்தானிய அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்கள்: சென்னையில் வெயிலிலும் மழையிலும் கிடந்து, 1859இல் கப்பலேறியவை, எஞ்சியவை எழும்பூரில். இரண்டையும் பார்த்தவர்க்கே ஒரு தூபியின் அளவு விளங்கும். அங்கிருந்து சிறிது நடந்தால், கீழைத்தேய ஆய்வுப் பள்ளி வளாகத்தில் 1996இல் நிறுவிய திருவள்ளுவர் சிலை. ஒரு நாள் கிடைத்தால் ஆக்ஸ்ஃபோர்டு செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் ஜி.யு. போப்பின் கல்லறை.

மேலே சொன்னவர்கள் அனைவரும் எழுதத் தெரிந்தவர்கள், அல்லது எழுதப்பட்டவர்கள். துரைமார் குழந்தைகளைக் கவனித்தபடி கப்பலேறிய ஆயாக்களும், கரி அள்ளிய லாஸ்கர்களும் அதே இலண்டனில் பசித்திருக்கிறார்கள். சென்னையிலிருந்தும் ஆயாக்கள் போனார்கள். கூலி தராமல் கைவிடப்பட்டவர்களுக்காக ஆயாக்கள் இல்லம் ஒன்று இருந்தது. 1900 முதல் ஹாக்னியில், கிங் எட்வர்ட்ஸ் சாலை 26ஆம் எண் வீட்டில். அவர்கள் எவரும் பயண நூல் எழுதவில்லை. அந்த வீட்டுச் சுவரில் 2022இல் நீலநிற நினைவு வட்டு ஒன்றைப் பதித்திருக்கிறார்கள். சுற்றுலாக் கையேடுகளின் முதற்பக்கங்களில் அது வராது. முகவரியை வாசகர்கள் குறித்துக்கொள்ளலாம்.