விளையாட்டு மடிக்கணினி மதிப்பீட்டின் வரலாறு

விளையாட்டு மடிக்கணினி மதிப்பீடு என்பது, உயர்நிலைக் கணினி விளையாட்டுகளுக்காக உருவாக்கப்படும் மடிக்கணினிகளின் வேகம், வெப்பம், இரைச்சல், திரை, மின்கலம், நீடித்து உழைக்கும் தன்மை ஆகியவற்றை அளந்து அறியும் முறையாகும். பேச்சு வழக்கில் கேமிங் லேப்டாப் எனப்படும் இவ்வகைக் கணினிகள் 2000ஆம் ஆண்டை ஒட்டிச் சந்தைக்கு வரத் தொடங்கின. அப்போது உள்ளே இருக்கும் சில்லின் பெயரைப் படித்தாலே கணினியின் திறனை ஓரளவு ஊகிக்க முடிந்தது. கால் நூற்றாண்டில் அந்நிலை மாறிவிட்டது. இன்று ஒரே பெயருள்ள சில்லைக் கொண்ட இரண்டு மடிக்கணினிகள் வெவ்வேறு வேகத்தில் இயங்கக்கூடும். விலை சில இலட்சம் ரூபாயை எட்டும் ஒரு பொருளில், பெயருக்கும் திறனுக்கும் இடையே விழுந்த இந்த இடைவெளியே மதிப்பீட்டுக் கலையை வளர்த்தது.

தோற்றம்

1990களின் மடிக்கணினிகள் பெரும்பாலும் அலுவலகப் பணிகளுக்கானவை. முப்பரிமாண விளையாட்டுகளுக்குத் தேவையான வரைகலைத் திறன் அவற்றில் மிகக் குறைவு. 2000ஆம் ஆண்டு நவம்பரில் என்விடியா நிறுவனம் ஜிபோர்ஸ்2 கோ என்னும் மடிக்கணினி வரைகலைச் செயலியை அறிவித்தது. அடுத்த ஆண்டு ஏடிஐ நிறுவனம் மொபிலிட்டி ரேடியானைக் கொண்டுவந்தது.

1996இல் அமெரிக்காவின் மயாமியில் தொடங்கப்பட்ட ஏலியன்வேர், விளையாட்டுக்கென்றே மடிக்கணினிகளை விற்ற முன்னோடி நிறுவனங்களுள் ஒன்று. இந்நிறுவனத்தை 2006இல் டெல் வாங்கியது. டெல் அதற்கு முன்பே, 2004இல், இன்ஸ்பிரான் எக்ஸ்பிஎஸ் என்ற மடிக்கணினியில் மேசைக்கணினிக்கான பென்டியம் 4 செயலியைப் பொருத்தி விற்றது. அதன் எடை ஏறத்தாழ 4 கிலோகிராம். அக்காலத்தில் இவை மேசைக்கணினிக்கு மாற்று என்றே விளம்பரப்படுத்தப்பட்டன. எடை, வெப்பம், மின்கலம் ஆகியவை குறைகளாகக் குறிப்பிடப்பட்டாலும், மதிப்பீட்டின் மையம் வேகம் ஒன்றே.

மதிப்பெண் மென்பொருள்களும் முறைகேடுகளும்

வேகத்தை எண்ணால் சொல்ல ஒரு பொது அளவுகோல் தேவைப்பட்டது. பின்லாந்தில் உருவான 3டிமார்க் மென்பொருளின் முதல் பதிப்பு 1998இல் வெளிவந்தது. முப்பரிமாணக் காட்சிகளை ஓடவிட்டு, முடிவில் ஒரு மதிப்பெண் தருவது இதன் வேலை. எளிமையாக இருந்ததால் இது விரைவில் பரவியது. ஆனால் மதிப்பெண் விற்பனையைத் தீர்மானிக்கத் தொடங்கியதும், மதிப்பெண்ணுக்காகவே மென்பொருளை வளைக்கும் ஆசையும் வந்தது.

2001இல் ஏடிஐ நிறுவனத்தின் இயக்கி மென்பொருள், குவேக் 3 என்ற விளையாட்டை அதன் பெயரைக் கொண்டு அடையாளம் கண்டு, படத்தின் தரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டியது தெரியவந்தது. சோதித்தவர்கள் செய்தது மிக எளிய செயல். விளையாட்டுக் கோப்பில் குவேக் என்று இருந்த பெயரைக் குவாக் என்று மாற்றினார்கள். உடனே வேகம் குறைந்தது, படம் தெளிவானது.

2003 மே மாதத்தில் 3டிமார்க்கின் தயாரிப்பாளரான பியூச்சர்மார்க் நிறுவனம் ஒரு தணிக்கை அறிக்கை வெளியிட்டது. என்விடியாவின் இயக்கி மென்பொருள் சோதனையை இனம் கண்டு குறுக்குவழிகளைப் பயன்படுத்துவதாக அதில் கூறப்பட்டது. அவ்வழிகளை அடைத்தபின் ஜிபோர்ஸ் எஃப்எக்ஸ் 5900 அல்ட்ராவின் மதிப்பெண் சுமார் 24 விழுக்காடு சரிந்தது. ஏடிஐ அட்டையின் மதிப்பெண்ணும் 2 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக இறங்கியது. அடுத்த மாதம் பியூச்சர்மார்க்கும் என்விடியாவும் கூட்டறிக்கை வெளியிட்டு, இதை ஏமாற்று என்று சொல்லாமல் தனி மென்பொருளுக்கான மேம்படுத்தல் என்று குறிப்பிட்டன.

இவ்விரு நிகழ்வுகளும் மேசைக்கணினி அட்டைகளைப் பற்றியவை எனினும், மடிக்கணினி மதிப்பீட்டுக்கும் வழிகாட்டின. ஒரே மென்பொருளின் மதிப்பெண்ணை மட்டும் நம்பக்கூடாது, பல விளையாட்டுகளை நேரடியாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது பொது விதியாயிற்று.

சராசரியின் குறை

விளையாட்டின் வேகம், ஒரு நொடியில் திரைக்கு வரும் படச்சட்டங்களின் எண்ணிக்கையால் அளக்கப்படுகிறது. நொடிக்கு 60 சட்டங்கள் என்றால் ஒரு சட்டத்துக்கு 16.7 மில்லிநொடி. ஆனால் சராசரி மட்டும் உண்மையைச் சொல்லாது. ஒரு நொடியில் 59 சட்டங்கள் 750 மில்லிநொடிக்குள் வந்துவிட்டு, மீதமுள்ள ஒரே சட்டம் 250 மில்லிநொடி எடுத்துக்கொண்டால், அந்த நொடியிலும் எண்ணிக்கை 60தான். விளையாடுபவருக்கோ படம் கால் நொடி உறைந்து நிற்கும்.

இக்குறையை 2011 செப்டம்பரில் டெக் ரிப்போர்ட் தளத்தின் ஆசிரியர் ஸ்காட் வாசன் விரிவாக எடுத்துக்காட்டினார். ஒவ்வொரு சட்டமும் எடுத்துக்கொண்ட நேரத்தைத் தனித்தனியே பதிவு செய்யும் முறையை அவர் முன்வைத்தார். 2013இல் என்விடியாவும், திரைக்குச் செல்லும் சட்டங்களைப் பதிவு செய்து ஆராயும் எஃப்கேட் என்ற கருவித்தொகுப்பை மதிப்பீட்டாளர்களுக்கு அளித்தது. இன்று பல மதிப்பீடுகளில் சராசரிக்கு அருகே, மிக மெதுவான ஒரு விழுக்காட்டுச் சட்டங்களின் வேகமும் தரப்படுகிறது. மடிக்கணினியில் இது கூடுதல் பயனுள்ளது. சூடேறி வேகம் ஏறி இறங்கும் கணினியைச் சராசரி மறைத்துவிடும், இந்த எண் காட்டிக்கொடுத்துவிடும்.

வெப்பம் என்னும் எல்லை

ஒரு சில்லு செலவிடும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகிறது. 150 வாட் செலவிடும் செயலி 150 வாட் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். மேசைக்கணினியில் பெரிய விசிறிகளுக்கு இடமுண்டு. 2 செண்டிமீட்டர் தடிப்புள்ள மடிக்கணினியில் அது இல்லை. வெப்பம் எல்லையைத் தொட்டால் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எனவே முதல் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் வேகம் அரை மணி நேரத்துக்குப் பின் கிடைக்காமல் போகலாம்.

வெப்பம் வேகத்தை மட்டும் பாதிப்பதில்லை. 2008 ஜூலையில் என்விடியா, தன் மடிக்கணினிச் சில்லுகள் சிலவற்றில் பயன்படுத்திய பொருள்கள் வலுக்குறைந்தவை என்று அறிவித்து, 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை செலவுக்கு ஒதுக்கியது. மீண்டும் மீண்டும் சூடேறி ஆறுவதால் சில்லின் இணைப்புகள் பழுதாயின. டெல், எச்பி ஆகிய நிறுவனங்கள் பாதிக்கப்பட்ட மாதிரிகளுக்கு உத்தரவாதக் காலத்தை நீட்டித்தன. வாங்கிய புதிதில் இம்மடிக்கணினிகள் நன்றாகவே இயங்கியதால், சில நாள் சோதனையில் இக்குறையைக் கண்டறிய வழியில்லை.

பின்னர் நீண்டநேரச் சோதனை வழக்கமாயிற்று. 3டிமார்க்கின் அழுத்தச் சோதனை ஒரே காட்சியை வழக்கமாக 20 முறை ஓட்டுகிறது. மிக மெதுவான சுற்றின் வேகம், மிக வேகமான சுற்றில் 97 விழுக்காடாவது இருந்தால்தான் தேர்ச்சி.

மெலிதாக்கும் போட்டி

2011இல் ரேசர் நிறுவனம் 17 அங்குலத் திரையும் 0.88 அங்குலத் தடிப்பும் கொண்ட பிளேடு மடிக்கணினியை அறிவித்தது. இதற்கு நேர் எதிர்த்திசையிலும் சில கணினிகள் வந்தன. ஏசர் நிறுவனத்தின் பிரிடேட்டர் 21 எக்ஸ், 21 அங்குல வளைந்த திரையும் இரண்டு ஜிடிஎக்ஸ் 1080 செயலிகளும் கொண்டது. 2017இல் அதன் விலை 8,999 டாலர். எடை 8 கிலோகிராமுக்கு மேல். சந்தை மெலிந்த கணினிகளின் பக்கமே சாய்ந்தது.

2017இல் என்விடியா மேக்ஸ்-கியூ என்ற வடிவமைப்பை அறிமுகப்படுத்தியது. ஜிடிஎக்ஸ் 1080 சில்லையே 150 வாட்டுக்குப் பதிலாக 90 முதல் 110 வாட்டில் இயக்கி, மெல்லிய உடலுக்குள் அடக்குவது இதன் நோக்கம். அசூசின் செபிரஸ் மடிக்கணினி 17.9 மில்லிமீட்டர் தடிப்பில் இவ்வாறு வந்தது. வேகம் சற்றுக் குறைவு என்பதை மேக்ஸ்-கியூ என்ற பின்னொட்டு வாங்குபவருக்கு உணர்த்தியது.

பெயரும் திறனும்

2016க்கு முந்தைய சில ஆண்டுகளில் என்விடியாவின் மடிக்கணினிச் சில்லுகளின் பெயர் பெரும்பாலும் எம் என்ற எழுத்தில் முடிந்தது. ஜிடிஎக்ஸ் 980எம் என்றால் அது மேசைக்கணினியின் 980 அன்று என்பது விளங்கும். 2016 ஆகஸ்டில் வந்த 10 வரிசையில் அந்த எழுத்து நீக்கப்பட்டது. அப்போது அதற்கு நியாயமும் இருந்தது, ஏனெனில் ஜிடிஎக்ஸ் 1080 சில்லின் இரு வடிவங்களிலும் 2,560 கணிப்புக் கருக்கள் இருந்தன. பின்வந்த வரிசைகளில் அந்தச் சமநிலை நீடிக்கவில்லை. ஒரே எண்ணுள்ள சில்லுகளின் கணிப்புக் கருக்கள் வருமாறு:

- ஜிடிஎக்ஸ் 1080 (2016): மேசைக்கணினி 2,560, மடிக்கணினி 2,560. விகிதம் 100 விழுக்காடு.
- ஆர்டிஎக்ஸ் 3080 (மடிக்கணினியில் 2021): மேசைக்கணினி 8,704, மடிக்கணினி 6,144. விகிதம் 71 விழுக்காடு.
- ஆர்டிஎக்ஸ் 4090 (மடிக்கணினியில் 2023): மேசைக்கணினி 16,384, மடிக்கணினி 9,728. விகிதம் 59 விழுக்காடு.
- ஆர்டிஎக்ஸ் 5090 (2025): மேசைக்கணினி 21,760, மடிக்கணினி 10,496. விகிதம் 48 விழுக்காடு.

மடிக்கணினியின் 4090இல் உள்ள 9,728 கருக்கள், மேசைக்கணினியின் 4080இல் உள்ள அதே எண்ணிக்கையாகும். இவ்விடைவெளிக்கு இயற்பியல் காரணமும் உண்டு. மேசைக்கணினியின் ஜிடிஎக்ஸ் 1080 செலவிட்டது 180 வாட். 3080 வரும்போது அது 320 ஆனது, 4090இல் 450, 5090இல் 575. மடிக்கணினிச் சில்லோ 150 வாட்டை ஒட்டியே நின்றுவிட்டது. ஆனால் பெயர் மட்டும் மேசைக்கணினியைப் பின்தொடர்ந்தது.

2021இல் மற்றொரு சிக்கல் சேர்ந்தது. ஆர்டிஎக்ஸ் 30 வரிசையில் மேக்ஸ்-கியூ என்ற பின்னொட்டு சில்லின் பெயரிலிருந்து விடுபட்டது. 3080 சில்லை 80 வாட் முதல் 150 வாட்டுக்கு மேலும் தயாரிப்பாளர் விரும்பியபடி இயக்கலாம். இதனால் அதிக வாட் பெற்ற 3070, குறைந்த வாட் பெற்ற 3080ஐச் சில சோதனைகளில் எட்டிப்பிடித்தது. குறை கூறப்பட்டதை அடுத்து, மின்திறனையும் கடிகார வேகத்தையும் விற்பனைப் பக்கங்களில் குறிப்பிடும்படி தயாரிப்பாளர்களிடம் என்விடியா கோரியது. அன்று முதல் வாட் எண்ணைத் தேடிப் பார்ப்பது மதிப்பீட்டின் முதல் படியாயிற்று.

திரையும் மின்கலமும்

விளையாட்டு மடிக்கணினித் திரைகளின் புதுப்பிப்பு வீதம் 60 ஹெர்ட்சிலிருந்து 300 ஹெர்ட்சுக்கு மேல் உயர்ந்துள்ளது. 240 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டம் 4.2 மில்லிநொடியே நிற்கும். நிறம் மாறப் படப்புள்ளி 10 மில்லிநொடி எடுத்துக்கொண்டால், உயர்ந்த வீதம் இருந்தும் படம் கலங்கும். எனவே இவ்விரு எண்களும் சேர்த்தே பார்க்கப்படுகின்றன.

2010இல் வந்த ஆப்டிமஸ் என்ற நுட்பம், மின்சாரத்தைச் சேமிக்க, படங்களை மையச் செயலியோடு இணைந்த வரைகலைப் பகுதி வழியாகத் திரைக்கு அனுப்புகிறது. இந்தச் சுற்றுவழி விளையாட்டில் சிறிது வேகத்தைக் குறைக்கும். வரைகலைச் செயலியை நேரடியாகத் திரையோடு இணைக்கும் மக்ஸ் சுவிட்ச் உள்ளதா என்பது இதனால் ஒரு மதிப்பீட்டுக் கூறாகியது.

விமானப் பயணிகள் தனி அனுமதியின்றி எடுத்துச் செல்லக்கூடிய மின்கலத்தின் எல்லை 100 வாட்மணி. உயர்நிலை மடிக்கணினிகள் பலவற்றில் 99 வாட்மணி மின்கலம் இருப்பதன் காரணம் இதுவே. மொத்தம் 200 வாட் செலவானால் அது அரை மணி நேரமே தாங்கும். ஆகவே மின்கலத்தில் இயங்கும்போது சில்லுகளின் வேகம் கட்டுப்படுத்தப்படுகிறது. மதிப்பீடுகளில் உள்ள விளையாட்டு வேகங்கள் பெரும்பாலும் மின்னேற்றி இணைந்த நிலையில் எடுக்கப்பட்டவை.

இன்றைய நடைமுறை

நல்ல மதிப்பீடு ஒன்றில் பொதுவாகக் கீழ்க்காணும் விவரங்கள் இடம்பெறுகின்றன.

- வரைகலைச் செயலி பெறும் வாட், விளம்பரத்தில் உள்ளதும் சோதனையில் கண்டதும்.
- பல விளையாட்டுகளில் சராசரி வேகம், மெதுவான ஒரு விழுக்காட்டின் வேகம்.
- அரை மணி நேரத்துக்குப் பிந்தைய வேகமும் வெப்பமும்.
- ஒவ்வொரு இயக்க நிலையிலும் விசிறியின் இரைச்சல், டெசிபெல் அளவில். உச்ச வேகமும் குறைந்த இரைச்சலும் வெவ்வேறு நிலைகளில் அளக்கப்பட்டால் ஒப்பீடு பொருந்தாது.
- விசைப்பலகையில் கை படும் இடத்தின் வெப்பம்.
- நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் பின்னாளில் மாற்ற முடியுமா என்பது.

மதிப்பீட்டின் எல்லைகள்

மதிப்பீட்டுக்கு வரும் கணினி பல வேளைகளில் தயாரிப்பாளரே அனுப்பும் ஒன்று. அதே மாதிரியைச் சேர்ந்த எல்லாக் கணினிகளும் துல்லியமாக ஒரே வேகத்தில் இயங்குவதில்லை. கடையில் விலைக்கு வாங்கிச் சோதிக்கும் முறை இதற்கு ஓரளவு மாற்றாக அமைகிறது. பின்னாளில் நிறைவேற வேண்டிய வாக்குறுதிகளையும் மதிப்பீட்டால் சோதிக்க இயலாது. 2019இல் வந்த ஏலியன்வேர் ஏரியா-51எம், சில்லுகளை மாற்றி மேம்படுத்தத்தக்கது என்று அறிவிக்கப்பட்டது. அவ்வாறு மேம்படுத்த இயலவில்லை என்று கூறி 2021இல் அமெரிக்காவில் டெல் மீது வழக்குத் தொடரப்பட்டது.

சோதனை நடக்கும் அறையின் வெப்பநிலையும் கருதத்தக்கது. சில்லிலிருந்து வெளியேறும் வெப்பம், சில்லுக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் இடையிலுள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. சில்லின் எல்லை 100 பாகை செல்சியசு என்று கொண்டால், 25 பாகை அறையில் அந்த வேறுபாடு 75. கோடையில் குளிர்சாதனம் இல்லாத 35 பாகை அறையில் அது 65. அதே விசிறிகள் வெளியேற்றக்கூடிய வெப்பம் தோராயமாக 13 விழுக்காடு குறைகிறது. குளிர்நாட்டு அறையிலோ குளிரூட்டிய கூடத்திலோ எடுக்கப்பட்ட எண்களைத் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உள்ளோர் படிக்கும்போது இக்கழிவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.