குடி மீட்சியில் அன்றாட வழிபாடு: நேர்த்தியும் பழக்கமும்

கார்த்திகை முதல் நாள் மாலை போட்ட குடிநோயாளிகள் பலர் ஒரு மண்டலம் மதுவைத் தொடுவதில்லை. விடியற்காலைக் குளியல், சரணம், வெறுங்கால் நடை எல்லாம் ஒழுங்காக நடக்கும். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய கையோடு கடை வாசலில் நிற்பவர்களும் அவர்களில் உண்டு. பக்தி போதவில்லை என்று வீட்டார் நொந்துகொள்கிறார்கள். பக்தியைக் குறைசொல்வது சரியல்ல என்பதே என் வாதம். அந்த விரதத்துக்கு ஒரு கடைசி நாள் இருந்தது. குடிநோய்க்கு அப்படி ஒரு நாள் இல்லை.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் இந்தச் சிக்கலை வேறு விதமாக அணுகியது. ஆக்ஸ்ஃபோர்டு குழுவினரிடமிருந்து வந்த காலை நேர மௌன வழிபாடு அதன் பன்னிரு படிகளில் பதினொன்றாவதில் நிலைபெற்றது. அங்கே கடவுளிடம் பேரம் இல்லை. அவரவர் உணர்ந்த கடவுளின் சித்தத்தை அறியவும் அதன்படி நடக்க வலுப்பெறவும் மட்டுமே வேண்டுகிறார்கள். ‘இன்று ஒரு நாள்’ என்பதுதான் உறுதிமொழியின் அளவு. மறுநாள் காலை அதைப் புதிதாக எடுக்க வேண்டும்.

கடவுளிடம் கேட்டுப் பெறுவதற்கும் தானே அன்றாடம் வழிபடுவதற்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு சிறிய ஆய்வுகள் துலக்குகின்றன. 1997இல் வெளியான நியூ மெக்சிகோ ஆய்வில், சிகிச்சைக்கு வந்த 40 பேரில் ஒரு சாராருக்காக மட்டும் முன்பின் அறியாதவர்கள் மன்றாடினார்கள். இரு சாராரின் குடியிலும் வேறுபாடு தென்படவில்லை. நியூயார்க்கில் மார்க் கலாண்டர் குழுவினர் ஆராய்ந்ததோ, நெடுங்காலம் குடிக்காமலிருந்த 20 ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் உறுப்பினர்களை. மதுப் படங்களைப் பார்க்கும்போது, செய்தித்தாளைப் படித்த பின் எழுந்த வேட்கையைவிட, தம் இயக்கத்தின் வேண்டுதலைப் படித்த பின் எழுந்த வேட்கை குறைவாக இருந்தது. கவனத்தையும் உணர்ச்சியையும் ஆளும் மூளைப் பகுதிகளில் செயல்பாடு கூடியிருந்தது. 20 பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது. அவர்கள் வழிபாட்டில் ஏற்கெனவே ஊறியவர்கள் என்பதையும் மறக்கலாகாது. எனினும் வழிபாடு எங்கே வேலை செய்கிறது என்ற திசை தெரிகிறது: வழிபடுகிறவரின் மனத்தில்.

வேட்கை அலைபோல எழுந்து, உச்சம் தொட்டு, தானே வடியும். அந்தச் சில நிமிடங்களைக் கடக்கத் தெரியாதவர்தான் சறுக்குகிறார். மூச்சைக் கவனித்து உட்கார்ந்திருப்பதும், மனப்பாடமான ஒரு வேண்டுதலை முணுமுணுப்பதும் அந்த இடைவெளியைத் தாண்ட உதவும். நிம்மதியான காலைகளில் பழகியிருந்தால்தான் நெருக்கடியில் அது நாவுக்கு வரும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் விடாமல் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த முதல் நாட்கள் மருத்துவரின் பொறுப்பு. பூஜையறையில் அடைத்துவைப்பது கொடுமை.

இயக்கத்தின் கூட்டங்களில் கிடைக்கும் தோழமையின் பங்கையும் வழிபாட்டின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. 27 ஆய்வுகளைத் தொகுத்த 2020ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, முழுமையாகக் குடியை விட்டிருப்பதில் பன்னிரு படி வழிமுறை மற்றச் சிகிச்சைகளை விஞ்சுவதாகக் கண்டது. அதில் வேண்டுதலின் பங்கு எவ்வளவு, தோழமையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க இயலவில்லை. மாலை போட்டவருக்கும் அந்தத் தோழமை கிடைத்தது. தெருவே அவரைச் ‘சாமி’ என்று அழைத்தது. குருசாமி அருகில் இருந்தார். மாலை இறங்கிய மறுநாள் அப்படி அழைப்பார் இல்லை. சரணம் சொன்ன அதே விடியற்காலையில் அவர் எங்கே உட்காருவார், யாரோடு உட்காருவார் என்பதைச் சிகிச்சையாளர் மாலை போடும் நாளிலேயே அவரோடு பேசி வைத்திருக்க வேண்டும்.