ஒரு மெகாபைட் குகையை 32 கிலோபைட் பெட்டிக்குள் அடைத்த கதை

1977-ல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுக்கூடம் ஒன்றில் டிம் ஆண்டர்சன், மார்க் பிளாங்க், புரூஸ் டேனியல்ஸ், டேவ் லெப்லிங் என்ற நான்கு பேர் சேர்ந்து ஒரு கணினி விளையாட்டை எழுதத் தொடங்கினார்கள். பெயர் ஸோர்க். படம் கிடையாது, சத்தம் கிடையாது. எல்லாமே எழுத்துதான். ஒரு வெள்ளை வீட்டுக்கு வெளியே ஆட்டம் ஆரம்பிக்கும். வீட்டுக்கு அடியில் ஒரு பாதாள சாம்ராஜ்யம். "விளக்கை எடு", "வடக்கே போ" என்பது போல ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால், அடுத்து என்ன நடந்தது என்று கணினி சொல்லும்.

அதற்கு முன்னால் வந்த 'அட்வெஞ்சர்' விளையாட்டுக்கு இரண்டு சொல் கட்டளைகள்தான் புரியும். ஸோர்க்குக்கோ முழு வாக்கியமே புரிந்தது. அந்தப் புரிதலுக்கு ஒரு விலை இருந்தது. நினைவகம்!

ஸோர்க் ஓடியது பிடிபி-10 என்ற பெரிய கணினியில். பல பேர் ஒரே நேரத்தில் பகிர்ந்து பயன்படுத்தும், ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் இயந்திரம் அது. அதில் ஸோர்க்குக்குத் தேவைப்பட்ட இடம் ஏறக்குறைய ஒரு மெகாபைட். இன்றைக்கு ஒரு புகைப்படமே அதைவிடப் பெரியது. ஆனால் அதே 1977-ல் வீடுகளுக்கு என்று விற்பனைக்கு வந்த ஆப்பிள் 2, டிஆர்எஸ்-80 போன்ற கணினிகளில் இருந்தது 4, 16 அல்லது மிஞ்சிப் போனால் 48 கிலோபைட். யானையைத் தீப்பெட்டிக்குள் அடைக்கிற வேலை!

விற்க ஒரு பொருள் வேண்டும்

1979 ஜூன் மாதம் அந்த ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் கூடி இன்ஃபோகாம் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், எதை விற்பது என்பதைத் தீர்மானிக்காமலேயே தொடங்கிவிட்டார்கள். கையில் தயாராக இருந்தது ஸோர்க் மட்டும்தான். ஆனால் பிடிபி-10 வைத்திருக்கும் வீடு உலகில் எங்கே இருக்கிறது? ஒன்று, ஸோர்க்கைச் சின்னக் கணினிக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் கடையை மூட வேண்டும்.

மார்க் பிளாங்க்கும் ஜோயல் பெரெஸும் இதற்கு வழி தேடினார்கள். பிரச்சினை இரண்டு விதமாக இருந்தது. முதலாவது, அளவு. இரண்டாவது, ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு தினுசு. டிஆர்எஸ்-80-க்குள் இருந்தது இஸட்-80 சில்லு. ஆப்பிள் 2-வில் இருந்தது 6502. ஒன்றின் மொழி மற்றொன்றுக்குப் புரியாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதுவது என்றால், 10 விளையாட்டுகளும் 10 வகைக் கணினிகளும் இருந்தால் 100 நிரல்கள் எழுத வேண்டும்.

இல்லாத ஒரு கணினி

அவர்கள் கண்டுபிடித்த வழி, உலகத்தில் இல்லாத ஒரு கணினியைக் காகிதத்தில் வடிவமைப்பது. அதன் பெயர் இஸட்-மெஷின். விளையாட்டை அந்தக் கற்பனைக் கணினிக்காக ஒரே ஒருமுறை எழுத வேண்டும். பிறகு ஒவ்வொரு நிஜக் கணினிக்கும், அந்தக் கற்பனைக் கணினியைப் போல நடிக்கும் சின்ன நிரல் ஒன்றை எழுதினால் போதும். 10 விளையாட்டு, 10 கணினி என்றால் 100-க்குப் பதிலாக 20 நிரல்களோடு வேலை முடிந்தது.

ஜாவா படித்தவர்களுக்கு இது பழகிய விஷயம். ஜாவா மெய்நிகர் இயந்திரம் செய்வதும் இதைத்தான். ஆனால் ஜாவா வெளிவந்தது 1995-ல். இன்ஃபோகாம்தான் முதலில் யோசித்தது என்றும் சொல்ல முடியாது. யுசிஎஸ்டி பாஸ்கல் அதற்கு முன்பே இதே வழியில் போயிருந்தது. இன்ஃபோகாமின் சாமர்த்தியம், இடத்தை மிச்சம் பிடிப்பதற்கென்றே அந்தக் கற்பனைக் கணினியை வடிவமைத்ததில் இருந்தது.

எங்கெல்லாம் மிச்சம் பிடித்தார்கள்?

முதலில் எழுத்துகள். வழக்கமாக ஓர் எழுத்துக்கு 8 பிட் தேவை. ஆங்கிலச் சிற்றெழுத்துகள் 26 தானே? அதற்கு 5 பிட் போதும். எனவே 2 பைட்டில், அதாவது 16 பிட்டில், 3 எழுத்துகளை அடைத்தார்கள். மீதியிருந்த ஒரு பிட்டையும் வீணாக்கவில்லை. வாக்கியம் முடிந்ததா இல்லையா என்று சொல்ல அது பயன்பட்டது. பேரெழுத்து, எண், நிறுத்தற்குறிகளுக்கு மட்டும் கூடுதல் இடம். அடிக்கடி வரும் சொற்களுக்குச் சுருக்கக் குறியீடுகளும் வைத்தார்கள்.

அடுத்தது அகராதி. அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் 6 எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆடுபவர் நீளமான சொல்லைத் தட்டினாலும் விளையாட்டு 6 எழுத்தோடு நிறுத்திக்கொள்ளும். ஆடுகிற பலருக்கு இது தெரியவே தெரியாது.

மூன்றாவதுதான் பெரிய தந்திரம். விளையாட்டு முழுவதும் நினைவகத்தில் இருக்க வேண்டியதில்லை. விளக்கு எங்கே இருக்கிறது, கதவு திறந்திருக்கிறதா என்பது போன்ற மாறும் விவரங்கள் மட்டும் எப்போதும் நினைவகத்தில் இருக்கும். மாறாத வர்ணனைகளும் கட்டளைகளும் ஃப்ளாப்பி தட்டில் இருக்கும். தேவைப்படும்போது 512 பைட் துண்டாக எடுத்து வந்து, இடம் போதாவிட்டால் பழைய துண்டை விட்டுவிடும். சின்ன மேசையில் நான்கு புத்தகம் மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை அலமாரியிலிருந்து மாற்றி மாற்றி எடுத்துப் படிப்பது போல.

இதற்காக ஒன்றைத் துணிந்து விட்டுக்கொடுத்தார்கள். அப்போது வீட்டுக் கணினி வைத்திருந்தவர்களில் பலர் நிரல்களை ஏற்ற கேசட்டையே நம்பியிருந்தார்கள். கேசட்டில் நினைத்த இடத்துக்கு உடனே தாவ முடியாது. எனவே 32 கிலோபைட் நினைவகமும் ஃப்ளாப்பி டிரைவும் இருந்தால்தான் ஆட முடியும் என்று ஆயிற்று.

இத்தனைக்குப் பிறகும் முழு ஸோர்க் அடங்கவில்லை. டேவ் லெப்லிங் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு குகையையே வெட்டினார். ஏறக்குறைய 190 அறைகளில் 110 போல ஸோர்க் 1-க்குப் போயின. விட்டுப்போன அறைகளும் புதிர்களும் வீணாகவில்லை. அவற்றோடு புதியவற்றையும் சேர்த்து ஸோர்க் 2, ஸோர்க் 3 வந்தன. இடம் போதாமையே இரண்டு தொடர்ச்சிகளைப் பெற்றுக்கொடுத்தது!

1980 இறுதியில் டிஆர்எஸ்-80-க்கும், அதைத் தொடர்ந்து ஆப்பிள் 2-வுக்கும் ஸோர்க் 1 விற்பனைக்கு வந்தது. பிறகு அடாரி, ஐபிஎம் பிசி, கொமடோர் 64 என்று புதுப்புதுக் கணினிகள் வந்தபோதெல்லாம் ஒரு சின்ன நிரலை மட்டும் எழுதி எல்லா விளையாட்டுகளையும் அங்கே கொண்டுபோனார்கள்.

அதே தந்திரம் கவிழ்த்த இடம்

வெற்றி தந்த வழி எப்போதும் வெற்றி தருமா? 1985-ல் இன்ஃபோகாம் கார்னர்ஸ்டோன் என்ற தரவுத்தள மென்பொருளை வெளியிட்டது. விலை 495 டாலர். அதையும் ஒரு கற்பனைக் கணினிக்காகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் அதற்குள் அலுவலகங்களில் ஐபிஎம் பிசியும் அதன் நகல்களும் ஆட்சிக்கு வந்துவிட்டன. பல வகைக் கணினிகளில் ஓடும் திறமையைக் கேட்க ஆள் இல்லை. நடிக்கும் நிரல் நடுவில் இருந்ததால் வேகம் குறைந்ததுதான் மிச்சம். விளையாட்டில் ஒரு விநாடி தாமதித்தால் யாரும் கவலைப்படமாட்டார்கள். அலுவலகத்தில் அது நடக்குமா? கார்னர்ஸ்டோனில் போட்ட பணம் திரும்பவில்லை. 1986-ல் ஆக்டிவிஷன் இன்ஃபோகாமை வாங்கியது. 1989-ல் அதை மூடியது.

நிறுவனம் போய்விட்டது. கற்பனைக் கணினி போகவில்லை. ஆர்வலர்கள் அதன் அமைப்பை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் புரிந்துகொண்டார்கள். 1993-ல் கிரஹாம் நெல்சன் இன்ஃபார்ம் என்ற மொழியை உருவாக்கினார். இஸட்-மெஷினுக்குப் புதிய கதைகளை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஆயிற்று. 2025 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஸோர்க் 1, 2, 3-இன் மூல நிரல்களைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது.

டிஆர்எஸ்-80 இன்று அருங்காட்சியகப் பொருள். அதற்கென்று மட்டும் எழுதப்பட்ட எத்தனையோ நிரல்களை இன்று யாரும் தேடுவதில்லை. ஸோர்க்கோ செல்பேசியில் ஓடுகிறது, உலாவியில் ஓடுகிறது. 1979-ல் பிளாங்க்கும் பெரெஸும் யோசித்தது இடப் பற்றாக்குறைக்கு ஒரு வழி. அது வருங்காலத்துக்கான ஏற்பாடு அல்ல. ஆனாலும், எந்த நிஜக் கணினியையும் நம்பாமல் எழுதியதால், எந்தக் கணினி செத்தாலும் அந்தப் பாதாள சாம்ராஜ்யத்துக்குச் சேதமில்லை.