மருந்துக்கும் சாகாத மாட்டுண்ணிகள்: காரணம் என்ன, செய்யக்கூடியது என்ன?

வடக்கிலும் கிழக்கிலும் மீள்குடியேறிய பல குடும்பங்களுக்கு ஒன்றிரண்டு கறவை மாடுகள்தான் நாளாந்த வருமானம். மாட்டில் உண்ணி பெருகினால் பால் குறையும். உண்ணிக் காய்ச்சல் தொற்றினால் மாட்டையே இழக்க நேரிடும். மருந்து தெளித்த பின்னரும் உண்ணிகள் உயிரோடிருந்தால் என்ன செய்வது?

உண்ணியின் வாழ்க்கை

ரிப்பிசெபலஸ் மைக்ரோபிளஸ் எனப்படும் மாட்டுண்ணி இலங்கை உட்பட வெப்பவலய நாடுகள் பலவற்றில் உள்ளது. புல்லிலிருந்து மாட்டில் ஏறும் உண்ணிக்குஞ்சு, ஏறத்தாழ மூன்று வாரம் அதே மாட்டில் வளர்கிறது. இரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணி நிலத்தில் விழுந்து, 2,000 முதல் 3,000 வரையான முட்டைகளை இட்டு இறக்கிறது.

எதிர்ப்புத்தன்மை எப்படி வருகிறது?

உண்ணிகள் மருந்துக்குப் பழகிப்போவதில்லை. பிறவியிலேயே மருந்தைத் தாங்கக்கூடிய சில உண்ணிகள் கூட்டத்தில் இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொல்ல, இவை தப்பி முட்டையிடுகின்றன. அதே மருந்தைத் திரும்பத் திரும்பப் பாவித்தால் சில ஆண்டுகளில் தாங்குபவையே பெரும்பான்மையாகும். அளவு குறைத்துக் கலக்கும்போது ஓரளவு தாங்குபவையும் தப்பிவிடுகின்றன.

சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், புளூமெத்ரின் மூன்றும் பைரித்ரொயிட் என்ற ஒரே வகை. அவை உண்ணியின் நரம்பில் தாக்கும் இடமும் ஒன்றே. அந்த இடம் மரபணுவில் மாறிய உண்ணியை, போத்தலின் பெயரை மாற்றுவதால் மட்டும் கொல்ல முடியாது.

அவுஸ்திரேலியாவின் அனுபவம்

குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மாடுகளை ஆசனிக் கரைசல் தொட்டிகளில் முக்கியெடுத்தார்கள். 1930களில் ஆசனிக்குக்கு எதிர்ப்பு தோன்றியது. அடுத்து வந்த டி.டி.ரி. 1950களிலும், ஓகனோபொஸ்பேற் மருந்துகள் 1960களிலும் பலமிழக்கத் தொடங்கின. 1980களில் அமிற்றாஸ், பைரித்ரொயிட் இரண்டுக்குமே எதிர்ப்புக் காணப்பட்டது. பின்னர் பிரேசிலில் ஐவர்மெக்டினைத் தாங்கும் உண்ணிகளும் கண்டறியப்பட்டன.

மருந்தை மட்டும் நம்பியிராமல், வட அவுஸ்திரேலியப் பண்ணையாளர்கள் உண்ணியைத் தாங்கும் பிராமன் கலப்பு மாடுகளுக்கு மாறினார்கள். 1990களில் அங்கும் கியூபாவிலும் உண்ணித் தடுப்பூசியும் பாவனைக்கு வந்தது.

முதலில் பார்க்க வேண்டியவை

மருந்து பலிக்காததற்கெல்லாம் எதிர்ப்புத்தன்மை காரணமல்ல. காலாவதித் திகதி, கலந்த அளவு, காதின் உட்புறம், மடி, வாலடி ஆகிய இடங்கள் நனைந்தனவா, தெளித்தவுடன் மழை பெய்ததா என்பவற்றைப் பாருங்கள். சில நாட்களில் தெரியும் சிறு உண்ணிகள் புல்லிலிருந்து புதிதாக ஏறியவையாகவும் இருக்கலாம். எல்லாம் சரியாகச் செய்தும் பெரிய உண்ணிகள் சாகாவிட்டால் கால்நடை வைத்தியரிடம் சொல்லுங்கள். உண்ணிக்குஞ்சுகளை மருந்தூறிய கடதாசிப் பொதியில் இட்டு ஆய்வுகூடத்தில் இதனைச் சோதிக்க முடியும்.

செய்யக்கூடியவை

• லேபிளில் உள்ள அளவிலேயே கலக்கவும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

• மருந்தை மாற்றும்போது பெயரையல்ல, வகையை மாற்றவும். எந்த வகை என்பதைக் கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள்.

• பயிருக்கு அடிக்கும் நஞ்சை மாட்டில் தெளிக்க வேண்டாம். அது மாட்டையும் தெளிப்பவரையும் பாதிக்கும், பாலிலும் சேரலாம்.

• மருந்திட்ட பின் எத்தனை நாள் பாலை விற்கவோ குடிக்கவோ கூடாது என்பதைக் கேட்டறியுங்கள். ஐவர்மெக்டின் போன்றவற்றில் இது மிக முக்கியம்.

• கையால் பிடுங்கும் உண்ணியை நிலத்தில் போடாமல் சவர்க்கார நீரில் போட்டுக் கொல்லுங்கள். பட்டியில் கோழிகள் இருந்தால் அவையும் உண்ணிகளைக் கொத்தித் தின்னும்.

• புதிதாக வாங்கும் மாட்டை மந்தையுடன் சேர்க்குமுன் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். எதிர்ப்புள்ள உண்ணி அந்த மாட்டோடும் வந்து சேரலாம்.

ஜேர்சி, பிரிசியன் கலப்பு மாடுகளை உண்ணி அதிகம் தாக்கும். உள்ளூர் மாடுகள் கூடுதலாகத் தாங்கும். எந்த மாடானாலும் கடுங்காய்ச்சல், சிவந்த சிறுநீர், வெளிறிய கண்ணிமை தெரிந்தால் அன்றே கால்நடை வைத்தியரை அழையுங்கள். எந்த மருந்தை, என்றைக்கு, எவ்வளவு கலந்தீர்கள் என்று ஒரு கொப்பியில் குறித்து வைத்தால், அடுத்த மருந்தைத் தெரிவுசெய்ய அவருக்கு உதவும்.