பேழையிலிருந்து செம்மண்ணுக்கு

மறைஞானத்தை வரைய முனையும் ஓவியருக்கு ஒரு பழைய சிக்கல் உண்டு: குறியீடு ஆழமாக ஆக, அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துபோவார்கள். பெங்களூருவில் வாழ்ந்து 1993இல் மறைந்த ஸ்வேதோஸ்லாவ் ரோரிக், தெற்கே வந்த பின்தான் இதற்கு முழு விடை கண்டார் என்பது என் வாதம். அவர் வளர்ந்த வீடே மறைஞானத்தில் தோய்ந்தது. தந்தை நிக்கோலஸ் ரஷ்யாவில் பெயர்பெற்ற ஓவியர். தாய் ஹெலனா, மறைஞான எழுத்தாளர் பிளாவட்ஸ்கியின் ‘சீக்ரெட் டாக்ட்ரின்’ நூலை ரஷ்ய மொழியில் பெயர்த்தவர். இருவரும் அக்னி யோகம் என்ற நெறியை வகுத்து, குலு பள்ளத்தாக்கின் நக்கரில் குடியேறினார்கள். தந்தையின் படங்களில் நீலமும் ஊதாவுமாகப் பனிமலை எழுந்து நிற்கும். மனிதர் அதன் அடியில் சிறு புள்ளி. 1928இல் மகன் வரைந்த உருவப்படத்தில் தந்தை ஒரு பேழையை ஏந்தியிருக்கிறார். புனிதக் கல் ஒன்று தங்களிடம் வந்து சேர்ந்ததென்ற குடும்ப நம்பிக்கையை அறிந்தவருக்கு அதில் எல்லாமே இருக்கிறது. அறியாதவருக்கு அது வெறும் பெட்டி.

1945இல் நடிகை தேவிகா ராணியை மணந்த ஸ்வேதோஸ்லாவ், சில ஆண்டுகளில் கனகபுரா சாலையிலுள்ள தாதகுணி தோட்டத்துக்கு வந்தார். அங்கே வாசனை எண்ணெய்க்காக லினாலோ மரங்கள் வளர்ந்தன. அவருடைய படங்களில் செம்மண்ணும் அக்கம்பக்கத்து மக்களும் இடம்பிடித்தார்கள்; பனிமலையில் தந்தை தேடிய ஒளி, உழைக்கும் உடல்கள் மேல் விழுந்தது. அவர் இமயத்தையும் கிறிஸ்தவக் காட்சிகளையும் கைவிடவே இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் தெற்கே வருமுன்பே, உலகப் போர்க் காலத்தில் வரைந்த ‘சிலுவையில் மானுடம்’ படத்தில் அறையப்படுவது கிறிஸ்து அல்ல, மனித குலம். அதைப் புரிந்துகொள்ள எந்தத் தீட்சையும் வேண்டாம்; தெற்கே முழுமை பெற்ற விடையின் தொடக்கம் அது. நேருவின் உருவப்படத்தை நாடாளுமன்றத்துக்கு வரைந்தவர் அரசவை ஓவியர்தானே என்பது இன்னொரு மறுப்பு. அந்தப் படத்தை அரசுப் பணி என்றே ஒதுக்கிவிடலாம். அதை வைத்து என் வாதம் நிற்கவும் இல்லை, விழவும் இல்லை.

அதே காலத்துச் சென்னையோடு ஒப்பிட்டால் இவர் வழி தெளிவாகும். அங்கே ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டமும் எழுத்தும் எண்ணும் யாராலும் படிக்க முடியாதவையாக நிற்கின்றன. ரகசியத்தின் பொருளை நீக்கி வடிவை மட்டும் வைத்ததால், பார்வையாளர் எல்லோரும் அதன்முன் சமம். ரோரிக் பொருளை வைத்துக்கொண்டு ரகசியத்தை நீக்கினார். பெங்களூருவின் சித்ரகலா பரிஷத்தில் தந்தை, மகன் இருவர் படங்களும் இருக்கின்றன. குறியீட்டில் தந்தையே செறிவானவர் என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் மறைஞானம் தேடும் கடைத்தேற்றம் எல்லோருக்குமானது என்றால், மகன் எடுத்த வழியே அதற்கு நியாயம் செய்கிறது.