நாற்பது டாலர் கட்டுரையும் திருப்பதி நூலகங்களும்

2020 ஊரடங்கு சமயம். சித்தூரிலிருந்து அக்கா மகள் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். திருப்பதியில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தவள், எல்லாம் மூடியதும் வீட்டோடு முடங்கிக் கிடந்தாள்.

"மாமா, ஒரு கட்டுரை அவசரமா வேணும். நாப்பது டாலர் கேக்கறான். உங்க கார்டுல கட்ட முடியுமா?"

கட்டியிருப்பேன். ஆனால் இருபது வருடமாக வங்கியில் குப்பை கொட்டுபவனுக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. "உங்க லைப்ரரி இந்தப் பத்திரிகைக்கு ஏற்கெனவே பணம் கட்டலையாம்மா?"

"கேம்பஸ்ல இருந்தா வரும் மாமா. வீட்ல இருந்து வராது."

பதிப்பாளரின் கணினிக்கு அவள் யாரென்று தெரியாது. வளாகத்தின் இணைய முகவரியிலிருந்து வந்தால் கதவு திறக்கும், வேறு எங்கிருந்து வந்தாலும் நாற்பது டாலர். வீட்டிலிருந்தே நுழைய இன்ஃப்லிப்நெட் என்ற மத்திய அமைப்பு ஓர் ஏற்பாட்டை வைத்திருந்தது. அதை அவர்கள் நிறுவனத்தில் யாராவது உயிர்ப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். நூலகத்தைக் கேட்டால் கம்ப்யூட்டர் பிரிவைக் கேள் என்றார்கள். கம்ப்யூட்டர் பிரிவு, அது லைப்ரரி வேலை என்றது. பொருள் இருந்தது, பணம் கட்டியாகிவிட்டது, திறந்துவிடத்தான் ஆள் இல்லை.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைக் கொஞ்சம் துருவிப் படித்துவருகிறேன். நான் பி.காம்., நூலகவியல் படித்தவனில்லை. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பதிக்கு இந்தக் கதை புதிதே இல்லை. அன்னமாச்சாரியார் (1408-1503) பாடிய கீர்த்தனைகளைச் செப்பேடுகளில் பொறித்துத் திருமலைக் கோயிலில் ஓர் அறையில் வைத்தார்கள். சுமார் 14,000 கீர்த்தனைகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஆனால் பல தலைமுறைகளாக அவை அங்கே இருந்தும் இல்லாதவைதான். 1922 வாக்கில் சாது சுப்பிரமணிய சாஸ்திரி என்ற கல்வெட்டு அறிஞர் பார்த்துப் படிக்க ஆரம்பித்த பிறகே வெளியுலகம் கண்டது. அதே மனிதர்தான் திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகளையும் படித்தார். அவற்றில் பெரும்பாலானவை தமிழ் என்பது நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. 1930களில் தேவஸ்தானம் அவற்றை ஆறு தொகுதிகளாக வெளியிட்டது. செம்பும் கல்லும் நானூறு, ஐந்நூறு வருடம் பொறுமையாகக் காத்திருக்கும். மின்னிதழ்ச் சந்தா டிசம்பர் 31 ஆனால் காத்திருக்காது, அதுதான் வித்தியாசம் :-)

சித்தூர் மாவட்டம் 1911ல், வடஆற்காடு, கடப்பை மாவட்டங்களிலிருந்து பிரித்த பகுதிகளைச் சேர்த்து அமைக்கப்பட்டது. 1953 வரை நாங்கள் எல்லோரும் மதராஸ் மாகாணம்தான். திருத்தணி 1960ல் தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நாங்கள் ஆந்திராவில் தங்கிவிட்டோம். 2022ல் திருப்பதியும் தனி மாவட்டமானது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், சித்தூர் நூலகங்களின் கதையைத் தொடங்கினால் சென்னைக்குத்தான் போக வேண்டும்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். முதல் சில நாட்களிலேயே போரடித்துப்போய், என்னைத் திரும்பக் கல்லூரிக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டாராம். முதலில் லண்டன் போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு வா, அப்புறமும் பிடிக்கவில்லையென்றால் பார்க்கலாம் என்றார்கள். போனார், ஆளே மாறித் திரும்பினார். நூலகம் என்றால் கட்டடமும் அலமாரியும் இல்லை, அதை நடத்தும் ஆளின் பயிற்சி என்பதை அங்கேதான் கண்டுகொண்டார் என்பது என் எண்ணம். அதற்குப் பிறகு அவர் செய்தவற்றின் வருடங்களைப் பாருங்கள். 1928ல் சென்னை நூலகச் சங்கம். 1929ல் நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு. ஐந்து விதிகள் நூல் 1931ல், கோலன் பகுப்பு முறை 1933ல், மதராஸ் பொது நூலகச் சட்டம் 1948ல். பெயர் வாங்கித் தந்த புத்தகங்களுக்கும் சட்டத்துக்கும் முன்பே, ஆட்களைத் தயார்செய்யும் வேலையை ஆரம்பித்துவிட்டார்.

சட்டம் வந்தபோது சித்தூர் மதராஸோடு இருந்ததால் அதுவே எங்களுக்கும் சட்டம். ஆந்திரா தனக்கென்று 1960ல் ஒன்று போட்டுக்கொண்டது. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்து வருவது இரண்டிலும் உண்டு. எங்கள் வீட்டு வரி ரசீதிலும் அந்த வரி இருந்தது, அப்பா காட்டியிருக்கிறார்.

திருப்பதியில் 1954ல் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் வந்தது. தேவஸ்தானம் 1939ல் தொடங்கிய கீழ்த்திசை ஆய்வு நிறுவனம், ஓலைச்சுவடிகளோடு 1956ல் அதனிடம் சேர்ந்தது. 1961ல் சமஸ்கிருத வித்யாபீடம், 1983ல் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், 2015ல் ஐ.ஐ.டி.யும் ஐசரும். இவ்வளவு சின்ன ஊரில் இவ்வளவு பெரிய நூலகங்கள் வேறெங்கே? வேங்கடேசுவராவில் நூலகவியலுக்கே ஒரு துறை உண்டு. ஆகவே படித்த ஆட்களுக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது.

பிறகு எங்கே இடறியது?

நான் திருப்பதியில் படித்தது தொண்ணூறுகளின் கடைசியில். அட்டை இழுப்பறைக் காலம். அட்டையில் இல்லாததையும் அங்கிருந்த உதவியாளர் எடுத்துத் தருவார். சரியாக அப்போதுதான் கணினி வந்துகொண்டிருந்தது. இன்ஃப்லிப்நெட் 2000ல் 'சோல்' என்ற நூலக மென்பொருளை வெளியிட்டது. நூலகர்களை அகமதாபாத்துக்கு வரவழைத்துப் பயிற்சியும் கொடுத்தது. நல்ல பயிற்சிதான். ஆனால் அது அட்டையில் இருந்ததைக் கணினியில் ஏற்றும் பயிற்சி. புத்தகம் அதே புத்தகம், அலமாரி அதே அலமாரி.

2004ல் வந்த யு.ஜி.சி.-இன்ஃபோநெட் மின்னிதழ்க் கூட்டமைப்பு வேறு ஜாதி. முதலில் 50 பல்கலைக்கழகங்களுக்கு ஆயிரக்கணக்கான ஆய்விதழ்கள், பணம் யு.ஜி.சி. கட்டும். பதிப்பாளரோடு பேரம் பேசி, ஒப்பந்தம் போட்டு, புதுப்பிப்பதெல்லாம் இன்ஃப்லிப்நெட். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாகப் பேசியிருந்தால் இந்த விலைக்குக் கிடைத்திருக்காது. மறுக்கவில்லை. ஆனால் இதற்கு ஒரு பக்கவிளைவு இருந்தது, யாரும் அதைக் கணக்கில் எழுதவில்லை. அச்சு இதழ் காலத்தில் நூலகர் தானே தேர்ந்தெடுத்தார், சந்தா கட்டினார், வராத இதழுக்குக் கடிதம் போட்டார். இப்போது பொருள் குழாயில் தண்ணீர் மாதிரி வந்தது. என்ன வாங்கியிருக்கிறோம், எந்த வருடத்து இதழ் வரை உரிமை, சந்தா நின்றால் பழையவை நமக்குண்டா, இதெல்லாம் உள்ளூரில் யாரும் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. குழாயில் தண்ணீர் நின்ற 2020ல்தான் அது தெரிந்தது.

வங்கியிலும் இதைப் பார்த்திருக்கிறேன். கோர் பேங்கிங் வந்த சமயம், நான் வேலை பார்த்த வங்கியில் ஊழியர் திறனை அளக்க ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் பிரதான கேள்வி, கணினி தெரியுமா, ஆம் அல்லது இல்லை. எங்கள் தலைமைக் காசாளர் நேர்மையாக 'இல்லை' என்று எழுதினார். பயிற்சி முழுக்க எந்தப் பொத்தானை எப்போது அமுக்குவது என்பதே. கணக்குகளை மாற்றிய இரவில், ஒரு வகை வைப்புக்கு வட்டி தப்பாக வந்திருப்பதைக் கண்டுபிடித்தது அந்த 'இல்லை' எழுதியவர்தான். பேரேட்டைப் பார்க்காமலே, இவ்வளவு வரக் கூடாதே என்றார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மின்வள நூலகருக்கு என்னதான் தெரிந்திருக்க வேண்டும்? அமெரிக்காவில் சாரா சட்டன் என்பவர் வேலை விளம்பரங்களை அலசி 2011ல் முனைவர் ஆய்வு செய்தார். அதை அடிப்படையாக வைத்து நாசிக் என்ற நூலகர் அமைப்பு 2013ல் ஒரு தகுதிப் பட்டியல் வெளியிட்டது. (நம் நாசிக் ஊரில்லை!) ஏழு தலைப்புகள். தொழில்நுட்பம் அதில் ஒன்றே ஒன்று. வளத்தை வாங்குவதிலிருந்து விடுவது வரையிலான சுழற்சி, ஆய்ந்து மதிப்பிடுதல், பேசிப் புரியவைத்தல், மேற்பார்வை, புதியதைக் கற்றல் ஆகியவை மற்றவை. ஏழாவது தனிப்பட்ட குணங்கள், குழப்பமான நிலையிலும் பதறாமல் வேலை பார்ப்பது அதில் அடக்கம். படித்ததும், இது நம் கடன் பிரிவு அதிகாரியின் வேலையாயிற்றே என்று தோன்றியது. ஒப்பந்தம் படி, கணக்குப் பார், துரத்து.

கணக்கு என்றால் சும்மா இல்லை. பதிப்பாளர் ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்குப் பயன்பாட்டை எண்ணிக்கொண்டிருந்ததால் 2002ல் 'கவுண்டர்' என்ற பொது விதிமுறை முயற்சி தொடங்கியது. ஒரே இணைப்பை 30 விநாடிக்குள் இரண்டு முறை சொடுக்கினால் ஒன்றாகத்தான் எண்ண வேண்டும் என்பது வரை அதில் உண்டு. ஒரு பேச்சுக்கு, மூன்று லட்சம் ரூபாய் தரவுத்தளத்தில் வருடத்துக்கு 300 கட்டுரைகள் இறங்கின என்றால், ஒன்றின் விலை ஆயிரம் ரூபாய். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர் கையில்தான் புதுப்பிக்கும் பேனா இருக்க வேண்டும். நான் புரட்டிப் பார்த்த நம்மூர் ஆய்வுகளில் பெரும்பாலானவை மாணவருக்கு மின்வளம் பற்றித் தெரியுமா என்று கேட்கின்றன. ஊழியருக்கு என்ன செய்யத் தெரியும் என்று கேட்பவை குறைவு.

கல்லூரிகளுக்கு 2010ல் வந்த என்-லிஸ்ட் இன்னும் வேடிக்கை. ஒரு கட்டத்தில் வருடத்துக்கு வெறும் ஐயாயிரம் ரூபாய்தான் கட்டணமாக இருந்தது, ஆயிரக்கணக்கான இதழ்கள், லட்சக்கணக்கான மின்னூல்கள். ஆனால் ஒவ்வொரு மாணவர் பெயரையும் கல்லூரியில் யாராவது உட்கார்ந்து ஏற்ற வேண்டியிருந்தது, அப்போதுதான் கடவுச்சொல். ஏற்ற ஆளில்லாவிட்டால் ஐயாயிரமும் தண்டம்.

சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு இது விசித்திரமாகத் தெரியலாம். பிள்ளைகள் ரயிலில் போகும்போதே நூலகச் செயலியில் தமிழ் மின்னூல் இரவல் எடுக்கிறார்கள். இங்கே 1995ல் தேசிய நூலக வாரியம் அமைவதற்கு வழிகாட்டிய 'நூலகம் 2000' அறிக்கை (1994), தொழில்நுட்பத்தோடு ஊழியர் வளத்தையும் அடித்தளமாகச் சொன்னது. பணக்கார நாடு, சின்ன நாடு, ஒப்பிடக் கூடாதுதான். ஆனால் ரங்கநாதன் 1929ல் வகுப்பு எடுத்தபோது மதராஸ் பணக்கார மாகாணமா என்ன?

இந்திய அரசு 2024 நவம்பரில் ஒரு பெரிய காரியம் செய்தது. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம். 2025 முதல் 2027 வரை மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பாளர்கள், சுமார் 13,000 இதழ்கள், 6,300 அரசு நிறுவனங்கள், 1.8 கோடிப் பேர். வகுத்துப் பார்த்தேன், ஆளுக்கு வருடம் ஏறக்குறைய 1,100 ரூபாய். அந்த நாற்பது டாலரில் மூன்றில் ஒரு பங்குதான். இறங்கும் கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து இது அடிமாட்டு விலையாகவும் இருக்கலாம், ஊதாரித்தனமாகவும் இருக்கலாம்.

அக்கா மகள் கதையை முடிக்கவில்லையே. மூன்றாவது வாரம், பார்கோடு ஒட்டுவதற்காக எப்போதோ வேலைக்குச் சேர்ந்த ஓர் உதவியாளர், வாட்ஸ்அப் குழுவில் ஆய்வாளர்களின் மின்னஞ்சல் முகவரிகளைக் கேட்டு வாங்கினாராம். கையேட்டைப் படித்துப் படித்து, இன்ஃப்லிப்நெட்டுக்கு எழுதிக் கேட்டு, எல்லோருக்கும் வழி திறந்துவிட்டார். யாரும் அவரை அந்த வேலைக்கு நியமிக்கவில்லை.

அவள் பட்டம் வாங்கி, இப்போது ஓர் அரசுக் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். போன மாதம் பேசினாள்.

"மாமா, எங்க காலேஜ்ல அந்தச் சந்தா திட்டத்துக்கு என்னைப் பொறுப்பாளரா போட்டுட்டாங்க. லைப்ரேரியன் போஸ்ட் காலியா இருக்கு."

"உங்க காலேஜோட ஐ.பி. முகவரி எல்லாம் யார்கிட்ட இருக்குன்னு கேட்டியா?"

"கம்ப்யூட்டர் லேப்ல கேளுன்னாங்க மாமா. லேப்ல, இது லைப்ரரி விஷயமாச்சேங்கறாங்க."